டி.பி.யா, சார்காய்டோசிஸா? ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி:

டாக்டர் ஐயா, நாங்கள் காரைக்குடிப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு வயது 44. 2019 வரை சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது ஒரு செட்டியார் குடும்பத்தின் பழைய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். எட்டு மாதமாக வறட்டு இருமல், அசதி. எடை ஐந்து கிலோ குறைந்துவிட்டது. ஆரம்பத்தில் முழங்காலுக்குக் கீழே சிவப்பாக, தொட்டால் வலிக்கிற கட்டிகள் வந்தன. கணுக்காலும் வீங்கியது. ஒரு மாதத்தில் தானாகப் போய்விட்டது. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் நெறிகட்டி என்றார்கள். சளியில் கிருமி இல்லை. கையில் போட்டுப் பார்த்த ஊசியும் வீங்கவில்லை. ஆனாலும் டி.பி. மாத்திரை தொடங்கினார்கள். நான்கு மாதம் ஆகியும் சி.டி. ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கிறது.

மதுரையில் ஒரு டாக்டர், இது சார்காய்டோசிஸாக இருக்கலாம், வாய் வழியாகக் குழாய் விட்டுக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். ஏ.சி.இ. என்ற ரத்தப் பரிசோதனை நார்மல், அதனால் அந்த நோய் இல்லை என்று லேபில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் சொல்கிறான். ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். மகள் செல்போனில் தேடி ‘சார்கோமா’ என்று படித்துவிட்டு அழுகிறாள். இரண்டு வாரமாக அவருக்கு ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசுகிறது. தட்டு, டம்ளர் தனியாக வைத்திருக்கிறோம்.

சாப்பிடும் மாத்திரைகள்: டி.பி. மாத்திரை, பி.பி.க்கு எனலாப்ரில் 5, அசதிக்கு வாரம் ஒரு டி வைட்டமின் பொடி. நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நெஞ்சுக் கட்டியைப் பிறகு பார்ப்போம். முதலில் கண். கடிதத்தில் அதைக் கடைசிப் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நாளைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மெட்ராஸ் ஐ என்று கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றி நாள் கடத்த வேண்டாம். ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் கண்ணின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வசதி இல்லையென்றால் மதுரை அரவிந்தில் இதற்கென்றே யூவியா பிரிவு இருக்கிறது.

சார்காய்டோசிஸ் நுரையீரலோடு நிற்கிற நோய் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் யூவியா என்ற படலத்தில் அழற்சி உண்டாக்கும். கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும். டி.பி.யும் இதைச் செய்யக்கூடும். இன்னொன்றும் இருக்கிறது. டி.பி. மாத்திரையில் உள்ள எத்தாம்பியூட்டால் கண் நரம்பைப் பாதிக்கலாம். அப்படிப் பாதித்தால் கண் சிவக்காது, வலிக்காது. பார்வை மெதுவாக மங்கும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது முதல் வகை போலத் தோன்றுகிறது. இரண்டையும் பார்க்கச் சொல்லி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். இதே இருமல், நெஞ்சில் இதே இரட்டைக் கட்டி. டி.பி. என்று முடிவு கட்டி ஒன்பது மாதம் மருந்து கொடுத்தேன். நடுவில் கண் வலிக்கிறது என்றார். தூசி பட்டிருக்கும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு உண்மை தெரிந்தபோது ஒரு கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தவறு என்னுடையதுதான். அன்றிலிருந்து நெஞ்சில் நெறிகட்டியோடு யார் வந்தாலும், கண்ணில் தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கண் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதாமல் அனுப்புவதில்லை.

அடுத்து, மாத்திரைப் பட்டியல். பலர் இதை எழுதுவதே இல்லை. நீங்கள் எழுதியது பெரிய உதவி. அதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது.

முதலாவது, எனலாப்ரில். ஏ.சி.இ. என்பது உடம்பில் உள்ள ஒரு நொதி. அதை மட்டுப்படுத்தி பி.பி.யைக் குறைப்பதுதான் எனலாப்ரிலின் வேலையே. அதைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த நொதியை அளந்தால் குறைவாகத்தான் காட்டும். மாத்திரை சாப்பிடாதவர்களிடமும் இந்தப் பரிசோதனை நம்பத் தகுந்ததாக இல்லை. சார்காய்டோசிஸ் உள்ள பலருக்கு நார்மலாக இருக்கும், வேறு நோய் உள்ள சிலருக்குக் கூடுதலாக இருக்கும். உங்கள் உறவுக்காரத் தம்பி நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலையும் உண்டாக்கும். அவருடைய இருமலில் ஒரு பங்கு அதனுடையதாகக்கூட இருக்கலாம். பி.பி. மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வேறு வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆம்லோடிபின், லோசார்ட்டன் போன்றவை இருக்கின்றன. இருமல் அதனால்தான் என்றால் மாற்றிய சில வாரங்களில் தெரிந்துவிடும். நெறிகட்டிக்கு இந்த மாத்திரை காரணமல்ல.

இரண்டாவது, டி வைட்டமின் பொடி. இதுதான் எனக்குக் கவலை. அசதி என்று போனால் 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்றாக எழுதிக் கொடுப்பது இன்று எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. சார்காய்டோசிஸில் கதை வேறு. டி வைட்டமினை முழு வீரியத்துக்கு மாற்றுவதைச் சாதாரணமாகச் சிறுநீரகம் அளந்து செய்யும். இந்த நோயில் உடம்பின் காவல் அணுக்கள் திரண்டு கட்டும் முடிச்சுகள் அந்த வேலையை எந்த அளவும் இல்லாமல் தாங்களே செய்யத் தொடங்கிவிடும். விளைவு, ரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் ஏறும். அசதி கூடும், தாகம் எடுக்கும், மலச்சிக்கல் வரும், அடிக்கடி சிறுநீர் போகும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் கல் விழும், சிறுநீரகமே பழுதாகலாம். அசதிக்கென்று கொடுத்த மருந்தே அசதியைக் கூட்டும் நிலை இது. நம் பக்கத்து வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் இன்னும் மோசம். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், 24 மணி நேரம் சேகரித்த சிறுநீரில் கால்சியம் மூன்றையும் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை அந்தப் பொடியைத் தொட வேண்டாம். கால்சியம் மாத்திரையும் வேண்டாம்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: சார்கோமா வேறு, சார்காய்டோசிஸ் வேறு. சார்கோமா புற்றுநோய். சார்காய்டோசிஸ் புற்றுநோய் அல்ல. பெயர் ஒத்துப்போனதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. லண்டனில் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1877-இல் இந்த நோயால் தோலில் வரும் மாற்றங்களைப் பற்றி எழுதினார். 1899-இல் நார்வேயைச் சேர்ந்த சீசர் பெக் என்ற தோல் மருத்துவர் அப்படிப்பட்ட தடிப்புகளை நுண்ணோக்கியில் பார்த்து, சார்கோமா போலத் தெரிகிறது, ஆனால் தீங்கற்றது என்பதற்காகச் ‘சார்காய்டு’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை. சதை போன்றது, அவ்வளவுதான். அந்தப் பெயர் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு பெண் குழந்தையை அழ வைக்கிறது.

அப்படியானால் நோய்தான் என்ன? உடம்பின் காவல் அணுக்கள் ஏதோ ஒன்றை எதிரி என்று எண்ணிக் கூடி, சிறு சிறு முடிச்சுகளாகத் திரள்கின்றன. இந்த முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர். எதைப் பார்த்து அப்படிக் கூடுகின்றன என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முடிவான பதில் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நுரையீரலிலோ நெஞ்சு நெறிகட்டிகளிலோ இது தெரியும். கண், தோல், கல்லீரல், இதயம், நரம்பு என்று எங்கும் வரலாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

சிக்கல் எங்கே என்றால், டி.பி. கிருமியை வளைத்துப் பிடிக்கவும் உடம்பு இதே மாதிரி முடிச்சைத்தான் கட்டுகிறது. இருமல், எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல், நெறிகட்டி எல்லாம் இரண்டுக்கும் பொது. டி.பி. நிறைந்த நாட்டில், சளியில் கிருமி இல்லாவிட்டாலும் மருந்தைத் தொடங்கிய உங்கள் ஊர் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு மாதத்துக்குப் பிறகு, எழுதிய முடிவைத் திரும்பக் கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் சார்காய்டோசிஸ் பக்கம் காட்டும் குறிகள் நிறையவே இருக்கின்றன. காலில் வந்து போன சிவப்புக் கட்டிக்கு எரித்தீமா நோடோசம் என்று பெயர். அதுவும், கணுக்கால் வீக்கமும், நெஞ்சில் இருபக்க நெறிகட்டியும் சேர்ந்து வந்தால் லோஃப்கிரென் கூட்டுக்குறி என்போம். 1940-களில் அதை ஆராய்ந்த சுவீடன் மருத்துவரின் பெயர் அது. மேல்நாடுகளில் இந்தக் கூட்டைப் பார்த்தாலே, திசு எடுக்காமல் சார்காய்டோசிஸ் என்று முடிவு செய்துவிடுவார்கள். நம் நாட்டில் டி.பி.யும் காலில் அதே சிவப்புக் கட்டியை உண்டாக்கும் என்பதால் நான் அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன்.

கையில் போட்ட ஊசி வீங்காததும் ஒரு குறி. அது மாண்டூ பரிசோதனை. நம்மில் ஏராளமான பெரியவர்களின் உடம்பில் டி.பி. கிருமி நோயாக மாறாமல் தூங்கிக்கொண்டிருப்பதால், பலருக்கு அது வீங்கும். சார்காய்டோசிஸில் காவல் அணுக்கள் முடிச்சுகளில் போய்க் குவிந்துவிடுவதால் தோலில் அந்த வீக்கம் வருவதில்லை. ஆனால் கடுமையான டி.பி.யிலும், உடம்பு மெலிந்து கிடக்கும்போதும் வீங்காமல் போகலாம். ஸ்கேன் அறிக்கையில் கட்டி இருபக்கமும் சமமாக இருக்கிறதா, நடுவில் அழுகிக் கருத்திருக்கிறதா என்று எழுதியிருப்பார்கள். சமமாக, கெட்டியாக இருந்தால் சார்காய்டோசிஸ் பக்கம். ஒரு பக்கம் பெரிதாக, நடுவில் நொய்ந்திருந்தால் டி.பி. பக்கம். நான்கு மாத மருந்துக்குக் கட்டி சுருங்காததும் சந்தேகத்தைக் கூட்டுகிறது. அதையும் முழுசாக நம்ப முடியாது. நெறிகட்டி டி.பி.யில் சரியான மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே கட்டி பெருத்துக் காட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இத்தனை குறிகள் இருந்தும் எதுவும் தீர்ப்பாகவில்லை. அதனால்தான் மதுரை மருத்துவர் திசு கேட்கிறார். அவர் சொல்வது சரி. யூகத்தில் டி.பி. மருந்தை இழுத்துக்கொண்டே போவது எப்படித் தவறோ, அதைவிடப் பெரிய தவறு யூகத்தில் ஸ்டீராய்டு தொடங்குவது. உள்ளே இருப்பது டி.பி.யாக இருந்துவிட்டால், ஸ்டீராய்டு அதற்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். திசு வரும்வரை யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். கண்ணுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வேறு. அதைத் தயங்காமல் போடலாம்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். ஊசி பட்டால் பரவும் என்ற பேச்சை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, சார்காய்டோசிஸ் ஊசியால் பரவாது. டி.பி.யாக இருந்தாலும் இந்தச் சிறு ஊசியால் அது உடம்பெல்லாம் ஓடிவிடாது. ஒருவேளை நிணநீர்ப் புற்றாக இருந்தாலும் (அதையும் விலக்கிப் பார்க்கத்தான் வேண்டும்) திசு எடுக்காமல் அதற்கு மருந்தே தொடங்க முடியாது. முன்பெல்லாம் இதற்குக் கழுத்தடியில் கிழித்து உள்ளே போக வேண்டியிருந்தது. இப்போது ஈபஸ் என்ற முறை வந்துவிட்டது. மெல்லிய குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் கண் இருக்கும். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டியைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவார்கள். மயக்கம் லேசாகத்தான். பெரும்பாலோர் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும், சளியில் கொஞ்சம் ரத்தக் கீற்று வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இங்கே நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எடுத்த திசு எந்தப் பாட்டிலில் போகிறது என்று கேளுங்கள். நோய்க்குறியியல் பரிசோதனைக்குப் போகும் பங்கை ஃபார்மலினில் போடுவார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அதில் முழுசையும் போட்டுவிட்டால் டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. ஆகவே இன்னொரு பங்கு சாதாரண சலைன் பாட்டிலில் தனியாக, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும். முடிச்சு தெரிகிறது, கிருமி பார்க்கவில்லை என்ற அறிக்கையோடு எத்தனையோ பேர் வந்து நின்றிருக்கிறார்கள். திரும்ப ஊசி போடுவதைத் தவிர வழியில்லாமல் போய்விடும். ஜீன் எக்ஸ்பர்ட் இயந்திரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை பொறுக்க வேண்டும். நுண்ணோக்கியில் டி.பி. முடிச்சின் நடு, திரிந்த பால்கட்டி போல நொய்ந்திருக்கும். சார்காய்டோசிஸ் முடிச்சு கடைசிவரை கெட்டியாக இருக்கும். அப்படிக் கெட்டியான முடிச்சு, கிருமி எங்கும் இல்லை, நோயின் போக்கும் ஸ்கேனும் அதற்கு ஒத்துப்போகின்றன என்று மூன்றும் சேர்ந்தால்தான் நான் சார்காய்டோசிஸ் என்று எழுதுவேன்.

உடம்பில் வேறு எங்காவது தோல் தடிப்பு இருந்தால் அதில் எடுப்பது இன்னும் சுலபம். பழைய தழும்பு, பச்சை குத்திய இடம் திடீரென்று தடித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த நோய் அங்கே வந்து உட்காருவதுண்டு. காலில் வந்த சிவப்புக் கட்டி மறுபடி வந்தால் அதில் எடுத்துப் பயனில்லை, அதற்குள் இந்த முடிச்சு இருக்காது.

இனி அவருடைய வேலை. இதை மதுரையில் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் எப்படிப் பூட்டிக் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்தால்தான் உண்டு. இரண்டாங்கட்டிலும் மாடியிலும் புறா எச்சம் மெத்தை போட்டிருக்கும். காய்ந்த புறா எச்சத் தூசியைத் திரும்பத் திரும்பச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும், அதிலும் முடிச்சு கட்டும். வீட்டைத் திறந்து கூட்டிய அன்று, நாலைந்து மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் இருமலும் வந்து, மறுநாள் தணிந்திருக்கிறதா என்று அவரைக் கேளுங்கள். ஆமாம் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த நோயில் இவ்வளவு பெரிய நெறிகட்டி வருவது வழக்கமில்லை, இருந்தாலும் விலக்கிப் பார்க்க வேண்டும். எப்போதாவது கல் குவாரியில் இருந்தாரா, ஆத்தங்குடிக் கல்லை மெஷினில் அறுத்தாரா என்பதையும் சொல்ல வேண்டும். கல்தூசி நோயும் நெஞ்சில் நெறிகட்டியாகத் தெரியும். முடிவு தெரியும்வரை கூட்டுவதை வேறு யாராவது செய்யட்டும். செய்பவர்களும் தண்ணீர் தெளித்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யட்டும்.

டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் திசு முடிவை வைத்து மருத்துவர் சொல்வார். ஒரு ஈ.சி.ஜி.யும், மூச்சுத்திறன் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். படபடப்பு, தலைசுற்றி விழுதல் இருந்தால் மறைக்க வேண்டாம். இந்த நோயில் நான் பயப்படுவது இதயத்துக்குத்தான்.

சார்காய்டோசிஸ் என்றே முடிவானாலும், உடனே மருந்து என்று அர்த்தமில்லை. காலில் சிவப்புக் கட்டியோடு தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் தானே அடங்கிவிடும். கண், இதயம், நரம்பு பாதித்தாலோ, கால்சியம் ஏறினாலோ, மூச்சுத்திறன் குறைந்தாலோதான் ஸ்டீராய்டு. அது பல மாதம் போகும், மெதுவாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதினால் அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. கிழமையைச் சீட்டிலேயே பெரிதாக எழுதி வாங்குங்கள்.

தனித் தட்டு, தனி டம்ளரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். டி.பி.யே ஆனாலும் அது காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் பரவாது. அவருக்குச் சளியில் கிருமியும் இல்லை. எட்டு மாதமாக இருமுகிற மனிதர் தன் வீட்டுப் பந்தியில் தள்ளி உட்கார வேண்டாம்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. சிங்கப்பூர் போவதற்கு முன்பும் அங்கேயும் மெடிக்கல் செக்கப்புக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். பாஸ்போர்ட்டோடு, பெட்டியில் துணிக்கு அடியில், எங்காவது அந்தப் படமோ ரிப்போர்ட்டோ கிடக்கும். அன்றைக்கே இருபக்கமும் லேசாக நெறிகட்டி இருந்திருந்தால், இவ்வளவு வருஷம் சத்தமில்லாமல் இருந்த நோய் என்று தெரியும், டி.பி.க்கும் புற்றுக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இல்லாதிருந்தால் அதுவும் ஒரு சேதிதான். மதுரைக்குப் போகும் முன் அதைத் தேடி எடுத்து, சி.டி. படத்தோடு ஒரே உறையில் போட்டுக் கொண்டுபோங்கள்.